உழவர் கட்டிய கல்வீடுகள்

டென்மார்க்கின் கிராமப்புறங்களில் வயல்களுக்கு நடுவே புல் மூடிய மேடுகள் பல நிற்கின்றன. தாழ்வான வாசல் வழியே தவழ்ந்து உள்ளே போனால், பாறாங்கற்களால் சுவரும் கூரையும் அமைந்த நீண்ட அறை ஒன்று இருக்கும். அந்நாட்டு மக்கள் இதை 'அரக்கர் அறை' என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள். நெதர்லாந்தின் ட்ரெந்தெ மாகாணத்தில் இதே வகைக் கல்லறைக்கு 'அரக்கர் படுக்கை' என்று பெயர். யோஹான் பிக்கார்ட் என்ற பாதிரியார், அரக்கர்கள்தான் இவற்றைக் கட்டினார்கள் என்று 1660-இல் புத்தகமே எழுதினார். நம் பக்கத்துப் பழைய ஈமச்சின்னங்களைப் 'பாண்டவர் குழி' என்று சொல்ல வைத்த அதே வியப்புதான் அது. சில இடங்களில் அரக்கருக்குப் பதிலாக அரசரின் பெயர் ஒட்டிக்கொண்டது. டென்மார்க்கின் மொன் தீவில் பத்து மீட்டர் நீள அறை கொண்ட பெரிய கல்லறைக்கு 'அஸ்கர் மன்னன் மேடு' என்று பெயர். இத்தனை பெரிய கல்லைச் சாதாரண ஆள் தூக்கியிருக்க முடியாது என்ற எண்ணமே இந்தப் பெயர்களுக்கெல்லாம் அடிப்படை. தூக்கியவர்கள் சாதாரண ஆட்கள்தான் என்பது என் கட்சி. சிறு சிறு உழவர் குடிகள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட கல்வீடுகள் இவை.

முதலில் காலக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழகத்தில் பெருங்கற்காலம் என்றால் இரும்புக் காலம். நம் கற்திட்டைகளை எழுப்பியவர்களுக்கு இரும்பு தெரியும். வட ஐரோப்பியக் கல்லறைகளோ புதிய கற்காலத்தவை. டென்மார்க்கில் பெரும்பாலானவை கி.மு. 3500-க்கும் 3200-க்கும் இடையில் எழுந்தவை. அங்கே இரும்பு வர இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. இனி எண்ணிக்கைக்கு வருவோம். டென்மார்க்கில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 2,400. ஒரு காலத்தில் 25,000 வரை இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த நாட்டின் பரப்பு 43,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான். முந்நூறு ஆண்டுகளில் 25,000 என்றால் சராசரியாக ஆண்டுக்கு எண்பதுக்கு மேல். அரசன் தன் பெருமைக்குக் கட்டுவது தலைநகரில் ஒன்றிரண்டாக நிற்கும். இவை ஊருக்கு ஊர் களத்துமேடு போல் பரவிக் கிடக்கின்றன. ஸ்வீடனின் ஃபால்பிக்டன் வட்டாரத்தில் மட்டும் 250-க்கு மேல் உண்டு.

எண்ணிக்கையைவிட வேலைப்பாடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பனிப்பாளங்கள் உருகியபோது விட்டுப்போன உருண்டைப் பாறைகள் அந்த நிலமெங்கும் கிடந்தன. சில பாறைகளை இரண்டாகப் பிளந்து, தட்டையான முகம் அறைக்குள் தெரியும்படி வைத்தார்கள். ஒரே பாறையின் இரு பாதிகளை ஜோடியாகவே நிறுத்திய இடங்களும் உண்டு. நிறுத்திய கற்களுக்கு இடையிலான சந்துகளை மெல்லிய பலகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்தார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையே அவர்கள் வைத்த பொருளைக் கேட்டால் வியப்பு வரும்: பிர்ச் மரப்பட்டை. அது ஈரத்தில் எளிதில் மக்காது. மொன் தீவின் யோர்டஹோய் மேட்டில் அந்தப் பட்டை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருந்தது. அதன் வயதைக் கணித்தே கட்டிய காலத்தைக் கண்டார்கள். மேலே, மழைநீர் உள்ளே இறங்காமல் இருக்க, களிமண்ணும் சுட்டு நொறுக்கிய சிக்கிமுக்கிக் கல்லும் பொதிந்தார்கள். ஒழுகாத கூரை போடத் தெரிந்தவர்கள், தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கூரை போட்டுப் பழகியவர்கள். ஆணைக்குக் கட்டுப்பட்டு வந்த கூலியாள் கண்ணுக்குத் தெரியாத சந்தில் மரப்பட்டை செருக மாட்டான் என்று சாதிக்க முடியாதுதான். ஆனால் இதே கவனம் தீவுக்குத் தீவு தென்படும்போது, அது வழிவழியாகக் கைமாறிய தொழிலறிவு என்றே கொள்ள வேண்டும்.

பத்து டன் மூடுகல்லை ஏற்ற ஒரு தலைமை வேண்டாமா என்று கேட்கலாம். மேஸ்திரி வேண்டும், மேஸ்திரி வேறு, மன்னன் வேறு. 1979-இல் பிரான்ஸின் பூகோன் என்ற இடத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 32 டன் கல்லை உருளைக்கட்டைகளும் கயிறும் கொண்டு 200 பேர் நகர்த்திக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் பத்து டன்னுக்கு அறுபது பேர் போதும். எருதுகள் சேர்ந்தால் இன்னும் குறையும். ஊர் கூடித் தேர் இழுக்கும் வேலை இது. அப்படி ஊர்கள் கூடியதற்குத் தனிச் சான்றும் இருக்கிறது. டென்மார்க்கின் ஃபூன் தீவில் உள்ள சாரூப்பில் அதே காலத்துப் பெரிய வளாகம் ஒன்றை அகழ்ந்தார்கள். அதைச் சுற்றிய பள்ளம் ஒரே நீளமாக ஓடவில்லை. துண்டு துண்டாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குடியின் பங்கு என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வலுவான மறுப்பு அயர்லாந்திலிருந்து வருகிறது. நியூகிரேஞ்ச் கல்லறையில் கிடைத்த ஓர் ஆணின் மரபணு, அவன் உடன்பிறந்தாருக்கோ பெற்றோர்-பிள்ளைக்கோ இடையிலான உறவில் பிறந்தவன் என்று காட்டியது. 2020-இல் இதை வெளியிட்டவர்கள், தெய்வமாகப் போற்றப்பட்ட அரச பரம்பரை ஒன்று அங்கே இருந்திருக்கலாம் என்றார்கள். நியூகிரேஞ்சுக்கு அது பொருந்தினாலும் பொருந்தலாம். அந்த மேட்டின் விட்டமே சுமார் 85 மீட்டர். ஆனாலும் ஒரே ஒரு மனிதனின் எலும்பிலிருந்து ஒரு சாம்ராஜ்யத்தை எழுப்புவது எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது. அதை டென்மார்க் வயல்களுக்கு நீட்டவே முடியாது.

ஸ்வீடன், டென்மார்க் எலும்புகள் சொல்லும் கதை வேறு. பெரும்பாலும் ஃபால்பிக்டன் கல்லறைகளைச் சேர்ந்த 108 பேரின் மரபணு ஆய்வு 2024-இல் வெளியானது. ஆறு தலைமுறைகளாக நீளும் ஒரே குடும்பத்தின் 38 பேரை அதில் அடையாளம் கண்டார்கள். வம்சம் ஆண்வழியில் தொடர்ந்தது. பெண்கள் வெளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். அப்படியானால் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லையே, அது மேட்டுக்குடி வழக்கம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. சில குடும்பங்களுக்கு உரிமை கூடுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்கள் அருகருகே நிறைய இருந்தன. பக்கத்துப் பக்கத்து மேடுகளில் படுத்திருக்கின்றன. கொள்வினை கொடுப்பினை உள்ள இடத்தில், பெண் கொடுத்த வீட்டார் கல் இழுக்கவும் கை கொடுத்திருப்பார்கள். அறுபது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு இதைவிட எளிய விடை எனக்குத் தோன்றவில்லை. அதே ஆய்வில் ஆறில் ஒருவருக்குப் பிளேக் கிருமி இருந்தது தெரிந்தது. கொள்ளைநோய் வந்த காலத்திலும் தம்மவரைத் தம் கல்வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கல்லறைகள் மிஞ்சியதும் அரசர்களால் மட்டுமல்ல. நெதர்லாந்தில் 1730-களில் கப்பல்புழு என்னும் சிப்பியின உயிரி கடற்கரைத் தடுப்புகளின் மரங்களை அரித்தது. மரத்துக்குப் பதிலாகப் பாறைகளைப் போட்டதால் கல்லுக்கு நல்ல விலை வந்தது, கல்லறைகள் கரையத் தொடங்கின. ட்ரெந்தெ மாகாண நிர்வாகம் 1734-இல் அவற்றைத் தொடக்கூடாது என்று ஆணையிட்டது. இன்று அந்த நாட்டில் 54 கல்லறைகள் நிற்கின்றன. டென்மார்க்கிலோ 1937-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் பல்லாயிரம் மேடுகள் சாலைக்கும் தேவாலயச் சுவருக்கும் போய்விட்டன. மிஞ்சிய மேடுகளுக்கு அடியில் அகழ்ந்தபோது பல இடங்களில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கோடுகள் தெரிந்தன. அவை ஏர் கீறிய தடங்கள். கல்லறை எழுவதற்கு முன்பே அது உழுத நிலம். இப்போதும் அதே மேடுகளைச் சுற்றி வாற்கோதுமை விளைகிறது. மேட்டின் அடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே உழ வேண்டும் என்பது அங்கே சட்டம்.