சிறிய அலுவலகத்துக்கு எந்தத் தொலைபேசி?

பிரித்தானியாவில் செப்புக் கம்பி வழியாக வந்த பழைய தொலைபேசிச் சேவையின் காலம் முடிகிறது. 2025 டிசம்பரில் நிறுத்துவதாக இருந்த இச்சேவைக்கு, 2027 ஜனவரி 31 என்ற புதிய திகதியை பி.ரி. நிறுவனம் 2024 மே மாதம் அறிவித்தது. இத்தகைய இணைப்புக்களைப் புதிதாக விற்பது 2023 செப்ரெம்பரிலேயே நின்றுவிட்டது. எனவே எம்மவர் நடத்தும் பலசரக்குக் கடை, கணக்காளர் அலுவலகம், சாரதிப் பயிற்சி நிலையம், கோவில் காரியாலயம், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை என்று எல்லா இடத்துக்கும் கடிதம் வருகிறது. கடிதத்துக்கு முன்னமே விற்பனையாளர்கள் வந்துவிடுகிறார்கள். "அடுத்த மாதம் உங்கள் லைன் வெட்டுப்படும், இன்றைக்கே கையெழுத்து வையுங்கள்" என்று எமக்கும் ஒருவர் சொன்னார். அப்படி அவசரப்படுத்துபவரிடம் எதையும் வாங்கக்கூடாது என்பது எமது அபிப்பிராயம்.

லண்டனில் ஒரு கடைக்கு மேலே மூன்று அறைகளில் இயங்கும் எமது சங்கப் பணிமனைக்குக் கடந்த வருடம் இந்த வேலையைச் செய்து முடித்தோம். நாங்கள் யாரும் இத்துறையில் படித்தவர்கள் அல்ல. தொழிற்சாலையில் வேலை முடித்து மிச்ச நேரத்தில் பணிமனைக்கு வருகிறவர்கள். ஆனால் தொழிற்சாலையில் ஒரு மெசின் வாங்குவதென்றால், அதில் என்ன வெட்டப்போகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் விலையைப் பார்ப்பார்கள். தொலைபேசிக்கும் அதையே செய்தோம்.

இரண்டு கிழமைக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்தோம். யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன மொழியில், எவ்வளவு நேரம் கதைத்தார்கள் என்று எடுத்தவர் எழுத வேண்டும். கொப்பி பல விஷயங்களைக் காட்டித் தந்தது. தபால்காரன் வந்துபோன கையோடு அழைப்புக்கள் கூடும். ஹோம் ஒபிஸ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் அவர்கள். அடுத்து மாலையில், வேலையால் வந்தவர்கள் எடுப்பார்கள். மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கதைத்தது மிகவும் அருமை. ஆங்கிலத்தில் எடுத்தவர்கள் பெரும்பாலும் பாடசாலைகளும் சட்டத்தரணிகளும்தான்.

இந்தக் கணக்கு காசை மிச்சம் பிடித்தது. "உங்கள் ஒபிசில் எத்தனை பேர்?" என்பதுதான் விற்பனையாளர்களின் முதற் கேள்வி. எமது பணிமனைக்கு முறை வைத்து ஒன்பது பேர் வருகிறோம். ஒன்பது என்று சொன்னால் ஒன்பது பேருக்கும் மாதாமாதம் தனித்தனிக் கட்டணம். உண்மையில் எமக்கு வேண்டியது மேசையில் மூன்று தொலைபேசியும், ஒரே நேரத்தில் மூன்று அழைப்பும்தான். வருகிறவர் எவரோ அவர் அந்த மேசையில் இருந்து கதைப்பார். ஆகவே ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல், ஒரே நேரத்தில் நடக்கும் அழைப்புக்களின் எண்ணிக்கையைச் சொல்லி விலை கேளுங்கள். பட்டியல் உடனே சுருங்கும்.

இப்போது கிடைப்பவை எவை என்று பார்ப்போம். மிகவும் எளியது, இன்ரநெற் தரும் கொம்பனியிடமே ஒரு டிஜிற்றல் இணைப்பு எடுப்பது. சுவரில் சொருகிய தொலைபேசியை றவுட்டரின் பின்பக்கத்தில் சொருகினால் வேலை முடிந்தது. சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு அழைப்புத்தான். ஒருவர் நிற்கும் கடைக்கு இது போதும், வேறொன்றும் தேவையில்லை. இரண்டாவது வகையில், முன்பு அலுவலகத்துச் சுவரில் தொங்கிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி கொம்பனியின் இடத்தில் இருக்கும். எமது மேசையில் இன்ரநெற்றில் வேலை செய்யும் தொலைபேசி மட்டும் இருக்கும். கைத்தொலைபேசியிலும் அதே இலக்கத்தில் கதைக்கலாம். நாங்கள் எடுத்தது இதைத்தான். மூன்றாவது, சொந்தப் பெட்டி வைத்து, சிப் ட்ரங்க் எனப்படும் இணைப்பை மட்டும் வெளியே வாங்குவது. மாதச் செலவு குறையலாம். ஆனால் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் கிட்ட இருக்க வேண்டும். எமக்கு அப்படி ஆள் இல்லை.

பழைய பெட்டிகள் இப்போது அரைக்காசுக்கு வருகின்றன. ஐ.எஸ்.டி.என். என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அந்த இணைப்பும் பழைய சேவையோடு சேர்ந்தே நிற்கப்போகிறது.

"ஏன் இத்தனை கரைச்சல், செயலாளரின் கைத்தொலைபேசி போதாதா?" என்று எமது கூட்டத்திலும் கேட்டார்கள். செயலாளர் மாறினால் இலக்கமும் மாறும். சங்கம் இரண்டாக உடைந்தால் (எங்கள் சங்கங்கள் உடைவது புதினமல்ல) இலக்கம் யாருக்கு என்று ஒரு வழக்கு வரும். அதைவிட, நள்ளிரவிலும் அந்தப் பிள்ளையின் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இலக்கம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்திலும் சங்கத்தின் பெயரே இருக்க வேண்டும்.

பழைய இலக்கத்தைக் கைவிடாதீர்கள். அது கோவில் கலண்டரில் இருக்கிறது, வைத்தியரின் கோவையில் இருக்கிறது, பழைய டயறிகளில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எமக்கு எடுத்தவர் இன்று தம் தம்பி மகனுக்கு அதே இலக்கத்தைச் சொல்லி அனுப்புகிறார். புதிய முறைக்கு மாறும்போது இலக்கத்தையும் கொண்டுபோகலாம். அதற்கான கோரிக்கையைப் புதிய கொம்பனிதான் பழைய கொம்பனிக்கு அனுப்பும். நாமாக முந்திக்கொண்டு பழைய இணைப்பை நிறுத்தினால் இலக்கம் கைநழுவிப் போகக்கூடும், மீட்பது பெரும்பாடு. இன்னொன்று: பழைய பில்லில் உள்ள பெயரும் தபால் குறியீடும் புதிய விண்ணப்பத்தில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எமது பழைய பொருளாளரின் நீண்ட பெயரைப் பழைய கொம்பனி மூன்று துண்டாக்கி, நடுத்துண்டை முதற்பெயராகப் பதிந்து வைத்திருந்தது. முதல் விண்ணப்பம் அதனாலேயே திரும்பி வந்தது. தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் பழைய பில்லை எடுத்து வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

புது இலக்கம் எடுப்பதானால், எடுப்பவருக்கு என்ன செலவு என்று பாருங்கள். 03-ல் தொடங்கும் இலக்கங்களுக்கு 01, 02 இலக்கங்களின் கட்டணமே. மாத இலவச நிமிடங்களிலும் சேரும். அதில் 0300 என்பது அரச அமைப்புக்களுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புக்களுக்கும் ஒதுக்கப்பட்டது. 084, 087 இலக்கங்களில் எடுப்பவரிடம் மேலதிகக் காசு அறவிடப்படும். ஐந்து பவுண் போட்டு ஒரு மாதம் ஓட்டும் ஒருவர் எமக்கு எடுத்து, வரிசையில் நின்றே அந்த ஐந்து பவுணும் முடிவது நியாயமல்ல. 0800 எடுப்பவருக்கு இலவசம், 2015 ஜூலை முதல் கைத்தொலைபேசிக்கும் இலவசம். ஆனால் அந்தச் செலவு அலுவலகத்தின் தலையில் விழும்.

அடுத்தது, எடுத்தவரின் காதில் முதலில் என்ன விழுகிறது என்பது. எல்லாக் கொம்பனிகளும் பெருமையாகக் காட்டுவது "ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள்" என்ற குரலைத்தான். ஆங்கிலம் தெரியாத ஒரு அம்மா அதைக் கேட்டால், பிழையான இலக்கம் என்று வைத்துவிடுவார். இரண்டாம் தரம் எடுக்கவும் மாட்டார். எமது பணிமனையில் அந்தக் குரலை வைக்கவில்லை. மூன்று தொலைபேசியும் சேர்ந்து அடிக்கும், கிட்ட நிற்பவர் எடுத்து "வணக்கம்" என்பார். இருபது செக்கனுக்குள் ஒருவரும் எடுக்காவிட்டால், அன்றைய முறைக்காரரின் கைத்தொலைபேசிக்குப் போகும். பூட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பதிவு உண்டு. எங்களில் ஒருவரின் குரலில், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில், எந்த நேரம் திறந்திருக்கும் என்று சொல்லும். மெசினோடு கதைக்க எமது முதியவர்களுக்குக் கூச்சம், ஆகவே யாரும் செய்தி விடுவதில்லை. தவறிய அழைப்புக்களின் பட்டியலைக் காலையில் பார்த்து நாங்களே திருப்பி எடுக்கிறோம். பட்டியலை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

இலக்கம் மறைத்து எடுப்பவர்களைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது. தொல்லை குறையும் என்று போடத் தோன்றும். போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்தும் அரச காரியாலயங்களில் இருந்தும் வரும் அழைப்புக்களில் பல இலக்கம் மறைத்தே வருகின்றன.

அழைப்புக்களைப் பதிவு செய்யும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எமக்குக் காட்டப்பட்ட ஒரு முறையில், கேட்காமலே எல்லா அழைப்பும் பதிவாகிக் கொம்பனியின் இடத்தில் சேமிக்கப்படும் என்றார்கள். கார் விற்பவருக்கு அது உதவலாம். எமக்கு எடுப்பவர் சொல்வது என்ன? எந்த முகாமில் இருந்தார், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், அண்ணனைக் கடைசியாக எங்கே கண்டார், ஊரில் தாய் இப்போது யார் வீட்டில் இருக்கிறா. இவை விசா வழக்கில் உள்ள விஷயங்கள். வெளியே போனால் ஊரில் உள்ளவர்களுக்கு ஆபத்து. ஒட்டுக் கேட்கிறார்கள் என்ற பயத்தில், தொலைபேசியில் பெயர் சொல்லாமலே கதைத்துப் பழகிய சனம் நாங்கள். இங்கேயும் 2018-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதிவு செய்ய ஏற்ற காரணம் இருக்க வேண்டும், கதைப்பவருக்கும் சொல்ல வேண்டும். நாங்கள் பதிவை முற்றாக நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதாக எழுத்திலும் வாங்கினோம். அழைப்புப் பட்டியலைப் பார்க்கும் கடவுச்சொல்லை இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தோம். ஆள் விலகினால் அன்றே அது மாறும்.

கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய தொலைபேசிக்கு வேண்டிய சுமார் 50 வோல்ற் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்து அதே கம்பியில் வந்தது. அதனால் வீடே இருண்டாலும் தொலைபேசி உயிரோடு இருந்தது. இனி றவுட்டர் நின்றால் தொலைபேசியும் நிற்கும். றவுட்டருக்கும் ஒரு தொலைபேசிக்கும் சிறிய யூ.பி.எஸ். பற்றரி ஒன்று வாங்கி வைத்தோம். 999 பற்றியும் ஒரு விஷயம்: இணையத் தொலைபேசியில் எடுத்தால், கொம்பனியிடம் பதிந்துள்ள விலாசமே அவசர சேவைக்குப் போகும். முறைக்காரர் தன் வீட்டில் இருந்து அலுவலக இலக்கத்தில் 999 எடுத்தால், அம்புலன்ஸ் பணிமனை வாசலுக்கு வரக்கூடும். வீட்டில் நிற்பவர் தன் சொந்த இலக்கத்திலேயே எடுக்க வேண்டும்.

பழைய இணைப்பில் வேறென்ன தொங்குகிறது என்றும் பாருங்கள். கள்வர் அலாரம், காட் மெசின், பக்ஸ் எல்லாம் அதில் இருக்கலாம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் கழுத்தில் சிவப்புப் பொத்தான் மாலை போட்டிருந்தால், அதை வீட்டுத் தொலைபேசிக் கொம்பனிக்கும் பொத்தான் தந்தவர்களுக்கும் கட்டாயம் சொல்லுங்கள். தரை இணைப்பை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழி செய்ய வேண்டும் என்பது ஒஃப்கொம்மின் வழிகாட்டல்.

இன்ரநெற் வேகம் பற்றி வீணாகப் பயப்படத் தேவையில்லை. ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 100 கிலோபிற் போதும். மூன்று அழைப்பும் சேர்ந்து அரை மெகாபிற்கூட வராது. ஆனால் நாம் கதைப்பது மேலே அனுப்பும் திசையில் போகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது கீழே வரும் வேகத்தை. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் வீடியோ பார்க்கும் நேரத்தில் ஒரு தரம் எடுத்துக் கதைத்துப் பாருங்கள். குரல் வெட்டி வெட்டி வந்தால், தொலைபேசிக்கு முன்னுரிமை கொடுக்கும்படி றவுட்டரில் மாற்றச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கருவிகளுக்கு வேறு கடதாசி இருக்கிறதா என்று தேடுங்கள். சில இடங்களில் சேவைக்கு ஒரு ஒப்பந்தம், மேசைத் தொலைபேசிகளுக்கு இன்னொரு நிதிக் கொம்பனியோடு ஐந்து வருட வாடகை ஒப்பந்தம். சேவையை நிறுத்தினாலும் வாடகை ஓடும். நாங்கள் தொலைபேசிகளைக் காசு கொடுத்தே வாங்கினோம். "அளவில்லா அழைப்பு" என்பதில் இலங்கைக்கு எடுப்பது சேருமா என்றும் கேளுங்கள். நாங்கள் வெளிநாட்டு அழைப்பை முழுதாகப் பூட்டிவிட்டோம். ஊருக்கு எடுக்க வட்ஸ்அப் இருக்கிறது. இதற்குக் காரணம் கள்வர்கள். 0000, 1234 போன்ற இரகசிய எண்ணை மாற்றாமல் விட்ட அலுவலகத் தொலைபேசிகளுக்குள் சனி ஞாயிறில் புகுந்து, விலை கூடிய வெளிநாட்டு இலக்கங்களுக்கு எடுத்துத் தள்ளுவார்கள். பில் சொந்தக்காரருக்கு வரும். கொம்பனியோடு பிரச்சினைப்பட்டால், பத்துப் பேருக்கு மேற்படாத ஊழியருள்ள சிறு தொழில்கள் ஒஃப்கொம் அங்கீகரித்த தகராறு தீர்க்கும் அமைப்புக்குக் காசில்லாமல் போகலாம்.

மாற்றும் நாளைக் கிழமை நடுவில் வையுங்கள். வெள்ளி வேண்டாம், பிழைத்தால் திங்கள் வரை ஒருவரும் வரமாட்டார்கள். அன்று வெவ்வேறு கொம்பனிகளின் கைத்தொலைபேசிகளில் இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் இருந்து வரும், இன்னொன்றில் இருந்து சில மணி நேரம் வராமல் இருக்கும். பழைய தொலைபேசியை எறிந்துவிடாதீர்கள். அடப்ரர் ஒன்று பூட்டினால் பல பழைய தொலைபேசிகள் புதிய முறையிலும் வேலை செய்யும். எமது வாசல் மேசையில் பெரிய பொத்தான் உள்ள அந்தப் பழையதுதான் இன்னும் இருக்கிறது. காலையில் அங்கே வந்து இருக்கும் ஐயாவுக்கு அதுதான் கைக்குப் பிடிக்கிறதாம்.