அருகுக்குக் காவல், கோரைக்குக் குறி

புல்வெளியில் களையை மட்டும் தேர்ந்து கொல்லும் மருந்துகள் உண்டு. எது களை என்று தெரியாதவர் கையில் அவையே ஆபத்து.

தில்லி ராஷ்டிரபதி பவன் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவமழைக்கு முன் புல்தரையைப் பெயர்த்தெடுத்துப் புது மண் பரப்புவார்கள். மூன்று வாரங்களில் மீண்டும் பச்சை விரிந்துவிடும். கல்கத்தாவின் பெல்வெடியர் எஸ்டேட்டிலிருந்து முதலில் கொண்டுவரப்பட்ட அந்தப் புல்லை வடக்கே 'தூப்' என்பார்கள். தமிழர்களுக்கு அது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்.

குடியரசுத் தலைவர் மாளிகைக்கு இது கட்டுப்படியாகும். கிரிக்கெட் மைதானத்துக்கும் கோல்ஃப் திடலுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் புல்வெளிக்கும் அத்தனை ஆட்களும் மண்ணும் கிடைப்பதில்லை. குர்பியும் கையுமாக மாலி நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து களை பறித்தாலும், ஒரு மழை பெய்தால் பழைய கதைதான். அதனால்தான் தெளிப்பான் தேவைப்படுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. உலகின் மோசமான களைகளைப் பற்றி அமெரிக்கரான லெராய் ஹோமும் அவரது குழுவினரும் 1977-இல் வெளியிட்ட நூலில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகுக்கு! வயலில் விவசாயி சபித்துப் பிடுங்கும் அருகை நகரத்தில் தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். இரண்டாம் எண் எதிரியை முதல் எண் எதிரியிடமிருந்து காப்பாற்றுவதுதான் புல்வெளிப் பராமரிப்பு.

இங்குதான் தேர்ந்து கொல்லும் களைக்கொல்லிக்கு வேலை. 1940-களில் பிறந்த 2,4-டி, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கிறது. அம்மான் பச்சரிசி போன்ற அகன்ற இலைக் களைகள் ஏமாந்து, தாறுமாறாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகின்றன. புல் இனங்களோ அதைச் சீக்கிரம் சிதைத்துத் தப்பிவிடுகின்றன.

ஆனால் கோரை இதற்கு மசியாது. பார்வைக்குப் புல் போலிருந்தாலும் அது வேறு குடும்பம். தண்டை விரல்களால் உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கும். கரும்பு வயல்களில் கோரைக்கு எதிராகப் பயன்படும் ஹாலோசல்ஃப்யூரான் மீத்தைல், அது உயிர்வாழத் தேவையான அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது. அருகு பிழைத்துக்கொள்ளும். ஆனால் கோரை மஞ்சளாகிக் காய வாரக்கணக்காகும். மிஞ்சிய கிழங்குகள் துளிர்த்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.

மூன்றாவது எதிரி, புல்லுக்குள் ஒளிந்த புல். அருகின் உறவினரான நண்டுக்கால் புல் போன்றவை முளைத்தபின் பிரித்துக் கொல்வது கடினம். முதல் மழைக்கு முன்பே பெண்டிமெத்தலின் தெளித்தால் விதை தலைதூக்காது. வேரூன்றிய அருகு அதைத் தாங்கும். புதிதாக நட்ட அருகு தாங்காது. அதன் வேரையும் மருந்து முடக்கிவிடும்.

ஆக, எதிரியின் பெயர் தெரியாமல் மருந்து வாங்குவது வீண். தவறான புட்டியை எடுத்தால் வீணைவிட மோசம். கிளைபோசேட்டுக்குக் களை, அருகு என்ற பேதமே கிடையாது. அந்த மருந்தைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது.

லேபிள் விஷயத்திலும் சிக்கல். 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் மருந்துகள் குறிப்பிட்ட பயிர்களுக்கெனப் பதிவாகின்றன. லேபிளில் கோதுமை இருக்கும், கரும்பு இருக்கும். புல்வெளியைக் காண்பது அரிது. அளவை யூகித்து ஊற்றும் பொறுப்பு கடைசியில் வந்து சேர்வது மாலியின் தலையில். பெரும்பாலும் அவர் கையில் உறை இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. 2,4-டி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் அதைச் சேர்த்தது. காற்றில் பறக்கும் அதன் துளிகள் பக்கத்து வீட்டுத் தக்காளியையும் கருக்கும்.

காற்றில்லாத காலை, மூடிய உடை, லேபிளை விளக்கிச் சொல்ல ஓர் ஆள், தெளித்த இடம் காயும்வரை குழந்தைகளுக்குத் தடை: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. அதைவிட மலிவான மருந்தும் உண்டு. நல்ல வெயில், அளவான உரம், மண்ணை மொட்டையடிக்காத வெட்டு. இவை கிடைத்தால் அருகு நெருங்கிப் படர்ந்து, களை விதைக்கு வெளிச்சமே கிடைக்காமல் செய்துவிடும். உலகின் இரண்டாவது மோசமான களை என்ற பட்டத்தை அருகு சும்மா வாங்கவில்லையே!