மூன்றரை மணிக்கே இருட்டும் ஊரில் மக்கள் எங்கே கூடுவார்கள்? குளிர்தேசங்களை இணைக்கும் விளையாட்டு மையங்கள்

டிசம்பர் மாதத்தில் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் சூரியன் எட்டிப் பார்ப்பதே காலை 11 மணிக்கு மேல்தான். மாலை மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். வெளியே பனி, காற்று, இருட்டு. இப்படியொரு ஊரில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்கூலோ, ஆபீஸோ முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் புகுந்துவிடுவீர்கள்தானே?

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சுகமாகத்தான் இருக்கும். அதுவே மாதக்கணக்கில் நீண்டால்? பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தே பல வாரங்கள் ஆகியிருக்கும். முதியவர்கள் தனிமையில் சுருங்கிப்போவார்கள். டீன் ஏஜ் பிள்ளைகள் போக இடமில்லாமல் தவறான பக்கம் ஒதுங்குவார்கள். தெருவும் பார்க்கும் செய்கிற வேலையை, குளிர்காலத்தில் ஒரு கட்டடம்தான் செய்தாக வேண்டும். குளிர்நாடுகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஏரியா விளையாட்டு மையம்தான்.

சுடுநீர்த் தொட்டியில் ஊர்க்கதை

ஐஸ்லாந்தில் சின்னஞ்சிறு ஊரிலும் பொது நீச்சல் குளம் உண்டு. மீன்பிடி நாடு என்பதால், கடலில் மூழ்கி இறப்பவர்கள் அங்கே ஒரு காலத்தில் அதிகமாக இருந்தார்கள். அதனால் 1940-ல் பள்ளிகளில் நீச்சல் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை வெந்நீர் இருக்கவே, திறந்தவெளிக் குளத்தைக்கூட வருடம் முழுக்க சூடாக வைத்திருக்க முடிந்தது.

ஆனால், உண்மையான கூட்டம் நீச்சல் குளத்தில் இல்லை. பக்கத்தில் இருக்கும் சிறிய வட்டமான சுடுநீர்த் தொட்டிகளில்தான். 38 முதல் 42 டிகிரி வரை சூடான தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்துகொண்டு, தலையில் பனி விழ விழ அரட்டை அடிப்பார்கள். நம்மூர் டீக்கடை பெஞ்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நீச்சல் உடையில் உட்கார்ந்திருக்கும்போது யார் அமைச்சர், யார் மீனவர் என்று எப்படித் தெரியும்?

இதில் டிசைன் ரகசியம், தொட்டியின் அளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடிதான் உட்கார முடியும். புதிதாக வருபவரும் ரெண்டு நிமிஷத்தில் பேச்சில் கலந்துவிடுவார்.

பிள்ளைகளைக் காப்பாற்றிய கூரை

1998-ல் ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் சர்வே எடுத்தபோது, கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவிகிதம். பெற்றோர்கள் ஆடிப்போனார்கள். 2016-ல் அது 5 சதவிகிதமாகக் குறைந்தது.

விளையாட்டு மட்டுமே இதற்குக் காரணமல்ல. பிள்ளைகள் இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு, பெற்றோர் குழுக்கள் என்று பல முயற்சிகள் சேர்ந்தே நடந்தன. ஆனால், ‘வெளியே சுற்றாதே’ என்று சொன்னால் மட்டும் போதுமா? ‘இங்கே வா’ என்று காட்ட ஓர் இடம் வேண்டுமே! ரெய்க்யவிக்கில் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்துக்கு நகராட்சியே உதவித்தொகை தருகிறது. 2000-ம் ஆண்டிலிருந்து முழு அளவு கால்பந்து மைதானங்களைக் கூரைக்குள் கட்டத் தொடங்கினார்கள். பள்ளிகளை ஒட்டியே சின்னச் சின்ன செயற்கைப் புல் மைதானங்களும் வந்தன. நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட அந்த நாடு, 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தையே வீழ்த்தியது. 2018-ல் உலகக் கோப்பையிலும் ஆடியது.

பாறைக்குள் ஒரு குளம்

பின்லாந்தின் ஹெல்சிங்கியில், இட்டாகெஸ்குஸ் பகுதியின் நீச்சல் குளத்தைப் பாறையைக் குடைந்தே கட்டியிருக்கிறார்கள். 1993-ல் திறக்கப்பட்டது. போர் போன்ற ஆபத்து வந்தால், அதையே 3,800 பேர் தங்கும் பாதுகாப்பு அறையாக மாற்றிவிடலாம். நார்வேயின் யோவிக் நகரிலும் மலைக்குள் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கம் இருக்கிறது. 1994 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அங்கே நடந்தன. பாறைக்குள் குளிர்காற்று வீசாது, வெப்பநிலையும் பெரிதாக ஏறி இறங்காது.

நல்ல மையத்துக்கு என்னென்ன வேண்டும்?

*நடக்கும் தூரம்:* பனியில் அரை மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டுமென்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஸ்கூல், லைப்ரரி, பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்தால், பிள்ளைகள் பெற்றோரை எதிர்பார்க்காமல் தாங்களே வந்துவிடுவார்கள்.

*இரட்டைக் கதவு:* முதல் கதவு மூடிய பிறகே அடுத்த கதவு திறக்கும்படி நடுவில் ஒரு சிறு அறை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. பூட்ஸைக் கழற்ற, பனியைத் தட்ட, கோட்டை மாட்ட இடம் தாராளமாக இருக்க வேண்டும். அங்கேதான் பல நட்புகள் ஆரம்பிக்கின்றன.

*விளையாடாதவர்களுக்கும் நாற்காலி:* பேரனை அழைத்துவரும் தாத்தாவுக்குக் கண்ணாடி வழியே ஆட்டத்தைப் பார்க்க ஒரு மூலை, ஒரு கப் காபி. காபி வாங்கினால்தான் உட்காரலாம் என்ற கெடுபிடி கூடாது.

*வெயில், காற்று, வெளிச்சம்:* கனடாவின் எட்மன்டன் நகரம் குளிர்காலத்துக்கென்றே வடிவமைப்பு வழிகாட்டி வைத்திருக்கிறது. காற்றைத் தடு, வெயிலைப் பிடி, பளிச் நிறங்களைப் பயன்படுத்து, விளக்குகளால் இடத்தை உயிர்ப்பி என்பதே அதன் சாரம். வெளியே இருட்டில் நடந்து வருபவருக்கு, தூரத்தில் தெரியும் வெளிச்சமான ஜன்னலே ‘வாங்க’ என்று சொல்லும்.

*வீணாகும் சூட்டைப் பிடிப்பது:* ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஐஸ் தளத்தைக் குளிர்விக்கும் இயந்திரமும் அப்படித்தான், சூட்டை வெளியே தள்ளும். ஐஸ் தளத்தையும் நீச்சல் குளத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தால், அந்தச் சூட்டில் குளத்து நீரைச் சூடாக்கலாம். மின்செலவு குறைந்தால் நுழைவுக் கட்டணத்தையும் குறைவாக வைக்க முடியும். கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தால், எவ்வளவு அழகான கட்டடமும் வசதியானவர்களின் கிளப்பாகத்தான் முடியும்.

ஐஸ்லாந்துக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால், உள்ளூர்க் குளம் ஒன்றுக்குக் கட்டாயம் போய்வாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை... குளத்தில் இறங்கும் முன், உடைகளை முழுவதும் களைந்துவிட்டு சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். வெட்கப்பட்டெல்லாம் தப்பிக்க முடியாது பாஸ்!