நகரத்துத் தரிசும் அதனை உழுவோர் உரிமையும்

பெருநகரங்களில் மனிதருக்கு இடமில்லை என்பது பலரும் கூறும் கூற்று. ஆயினும் எந்தப் பெருநகரத்திலும் ஒருவர்க்கும் பயன்படாது கிடக்கும் மனைகள் பல உள. விலையேற்றத்தை எதிர்நோக்கி உரிமையாளர் விட்டுவைத்தவை சில. தொழிற்சாலை மூடப்பட்டபின் பாழ்பட்டவை சில. வீடு இடிந்து, வரி செலுத்தப்பெறாமல், நகராட்சியின் கைக்கு வந்து சேர்ந்தவை சில. முள்ளும் உடைந்த கண்ணாடியும் மண்டி, அயலார் குப்பை கொட்டும் இடமாகிவிட்ட இத்தகைய நிலத்தைச் சுற்றுவட்டாரத்து மக்களே ஒருங்கு கூடித் திருத்திக் காய்கறியும் தானியமும் விளைத்துக்கொள்ளும் முறை அமெரிக்க ஐக்கிய நாட்டில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. அவ்வரலாற்றை ஆராயுந்தோறும் எமக்குத் தோன்றுவது ஒன்றே. தரிசைத் திருத்துதல் அத்துணை அரிதன்று. திருத்தியவர் அதில் நிலைத்திருத்தலே அரிது. அந்நாட்டின் மூன்று நகரங்களிற் கண்ட செய்தியைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

1893-ஆம் ஆண்டில் அந்நாட்டிற் பெரும் பொருள்முடை நேர்ந்தது. வங்கிகள் முறிந்தன, ஆலைகள் அடைபட்டன. டெட்ராயிட் நகரத்தில் வேலையிழந்தோர் தொகை பெருகிற்று. அவருட் பலர் போலந்து முதலிய நாடுகளினின்று குடியேறியோர். தம் ஊரில் ஏர் பிடித்தவர், ஈண்டு ஆலைக் கூலிகளாய் இருந்தவர். அந்நாள் அந்நகரின் மேயராக இருந்தவர் ஹேசன் பிங்க்ரீ என்பார். இவர் மிதியடித் தொழிற்சாலை நடத்திப் பொருளீட்டியவர். உள்நாட்டுப் போரிற் போர்வீரராய்ச் சென்று பகைவர் சிறையிலும் கிடந்தவர். நகரின் எல்லைக்குள் வெறுமையாய்க் கிடந்த மனைகளை உரிமையாளரிடம் இரவலாகப் பெற்று, ஏழைக் குடும்பங்கட்குப் பங்கிட்டளித்து, உருளைக்கிழங்கும் பிறவும் பயிரிடச் செய்யலாம் என்று இவர் 1894-இல் ஒரு திட்டம் வகுத்தார்.

இதனைக் கேட்டோர் நகைத்தனர். ‘உருளைக்கிழங்குப் பிங்க்ரீ’ என்று பட்டமும் சூட்டினர். உழுபடைக்கும் விதைக்கும் பணம் வேண்டித் திருச்சபைகளிடம் அவர் வேண்டுகோள் விடுத்தபோது வந்து சேர்ந்த தொகை மிகமிகச் சொற்பம். ரூத்து கதிர் பொறுக்கிய வயலைப்பற்றி ஓய்வுநாள்தோறும் கேட்டிருந்த சபையார், தம் தெருவிலேயே ஒரு போவாசு எழுந்து கைநீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டனர் என்று எழுத எமக்கு நாணமாகவே இருக்கின்றது, உண்மையாதலின் எழுதினோம். பிங்க்ரீ தாம் அருமையாய் வளர்த்த குதிரையை ஏலத்தில் விற்று அப்பொருளைத் திட்டத்திற்கு ஈந்தார். அவ்வாண்டே ஏறக்குறைய 430 ஏக்கர் நிலத்தில் ஏறக்குறைய 945 குடும்பங்கள் பயிர் செய்தன. விளைவின் மதிப்புச் செலவினும் மிகுதியாயிற்று. நகைத்தோர் வாயடைத்தனர், வேறு நகரங்களும் இம்முறையைப் பின்பற்றின. பிலடெல்பியாவில் இதற்கெனவே 1897-இல் ஒரு சங்கம் தோன்றிற்று.

ஆயினும் அந்நிலங்கள் இரவல் நிலங்களே. பஞ்சம் நீங்கித் தொழில் தழைத்தவுடன் மனைகளின் விலை ஏறிற்று. உரிமையாளர் கட்டடம் எழுப்பக் கருதினர். கிழங்குப் பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன. துன்பக்காலத்துக்குரிய மருந்தாகவே இதனை எல்லாரும் கருதினரன்றி, நகர வாழ்வின் ஒரு கூறாகக் கருதினரல்லர்.

இனி, மண்ணைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். கிராமத்துத் தரிசும் நகரத்துத் தரிசும் ஒன்றல்ல. நகர மனையில் மேல்மண் பெரும்பாலும் இராது. செங்கற்சில்லும் சுண்ணாம்புக் காரையும் கலந்த இடிபாடே இருக்கும். அன்றியும் பழைய வீடுகளுக்குப் பூசிய வண்ணத்திலும், முற்காலத்து வண்டிகள் எரித்த பெட்ரோலிலும் இருந்த காரீயம் அம்மண்ணிற் படிந்து பல்லாண்டு நீங்காது நிற்கும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது உழவன்று, சோதனையே. மண்ணைப் பல இடங்களில் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புதல் வேண்டும். காரீயம் மிகுந்திருப்பின், பலகையாலோ செங்கல்லாலோ ஓரடி உயரமேனும் வரம்பு கட்டி, வேற்றிடத்து நன்மண்ணை அதில் நிரப்பி விதைப்பர். சிறிதே இருப்பின், மக்கிய எருவை நிறையச் சேர்ப்பதனாலும் புளிப்பு மண்ணாயிற் சுண்ணம் இடுவதனாலும் அந்நஞ்சு செடியில் ஏறுவது குறையும். கீரையிலும் கிழங்கிலும் மண்தூசி ஒட்டுவது மிகுதி. தக்காளி, அவரை முதலிய காய்களில் அது குறைவு. எனவே ஐயமுள்ள நிலத்திற் கீரையை விடுத்துக் காய்வகைகளையே நடுவர். எருவுக்கு நகரத்திற் குறைவில்லை. உலர்ந்த சருகு மூன்று பங்கும் சமையலறைக் காய்கறிக் கழிவு ஒரு பங்கும் அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவரின், குவியலின் உள்வெப்பம் 55 பாகைக்கு மேலும் ஏறும். களைவிதையும் நோய்க்கிருமியும் அதில் மடியும். சில திங்களிற் கரிய நறுமண் கிடைக்கும். இஃது ஒருவர் செய்யின் பெருவேலை. ஐம்பது வீட்டார் செய்யின் விளையாட்டு.

இவ்வாறு மண்ணை வென்றோர் சட்டத்திடம் தோற்ற வரலாறு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தினுடையது. அதன் தென்பகுதியிற் பதினான்கு ஏக்கர் நிலம் ஒன்றைக் குப்பை எரிக்கும் ஆலை அமைப்பதற்காக அந்நகராட்சி 1986-இல் உரிமையாளரிடமிருந்து கட்டாயமாய்க் கையகப்படுத்திற்று. அயலிலுள்ள மக்கள் புகைக்கு அஞ்சிக் கிளர்ச்சி செய்தமையால் அவ்வேலை கைவிடப்பட்டது. நிலம் குப்பைமேடாயிற்று. 1992-இல் அப்பகுதியிற் பெருங்கலகம் விளைந்து பலர் மாண்டனர். அதன்பின் 1994-இல் அருகிருந்த உணவுக்கொடை நிலையம் ஒன்றுக்கு அந்நிலத்தை மக்கள் தோட்டமாகப் பயன்படுத்த அநுமதி கிடைத்தது. மெக்சிக்கோ முதலிய நாடுகளினின்று வந்த ஏழைக் குடும்பங்கள் ஏறக்குறைய 350 அதிற் பாத்தி கட்டின. சோளமும் அவரையும் பூசணியும், அவர் விரும்பியுண்ணும் சப்பாத்திக்கள்ளியும், வாழையும் கொய்யாவும் கிடங்குகளுக்கும் இருப்புப்பாதைக்கும் நடுவே செழித்தன. தத்தம் ஊர் விதையைக் கைக்குட்டையில் முடிந்து வந்தவர் போல, நாட்டுக்கொரு பச்சிலை அங்கு வளர்ந்தது.

ஆனால் அவ்வநுமதி எப்பொழுது வேண்டினும் மீட்டுக்கொள்ளத்தக்கது. அதுவும் உழுதவர் பெயரில் இல்லை. தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்து ஒன்று நினைவுக்கு வரும். குத்தகை, வாரம், ஒற்றி, போக்கியம், அனுபோக பாத்தியம் என நிலத்தைத் துய்க்கும் உரிமைக்கு நம் வழக்கில் எத்துணைச் சொற்கள்! ஒவ்வொன்றும் ‘இவன் எத்துணைக்காலம் இருக்கலாம்’ என்னும் வினாவுக்கு வெவ்வேறு விடை. அக்குடும்பங்கட்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

கையகப்படுத்தியவர் கூறிய பொதுநோக்கம் நிறைவேறாமையால் நிலத்தைத் தமக்கே திருப்பி விற்கவேண்டும் என முன்னைய உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லையென்று கூறுதற்கில்லை. வலிந்து வாங்கப்பட்ட நிலம் அது. அன்றியும் அப்பகுதி மக்களுள்ளேயே அவ்விடத்தில் விளையாட்டிடம் வேண்டும் என்றோரும் தொழில் வேண்டும் என்றோரும் இருந்தனர். எனினும் நகராட்சி 2003-இல் ஏறக்குறைய 50 இலட்சம் டாலருக்கு அந்நிலத்தை அவருக்கு விற்றபோது, பாத்தியில் நின்றவரைக் கலந்து பேசாமல் மூடிய அறையில் முடிவு செய்தது. அதனையே யாம் பெருங்குறையென்போம். உழவர் வழக்காடினர், சிலகாலம் தடையுத்தரவும் பெற்றனர், பின்னர் அது நீக்கப்பட்டது. உரிமையாளர் இப்போது 1 கோடியே 63 இலட்சம் டாலர் கேட்டார். ஓர் அறநிறுவனத்தின் துணையால் அத்தொகைக்கு வழி பிறந்தபோதும், அவர் விற்க இசைந்திலர். 2006-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் காவலர் வந்து அனைவரையும் வெளியேற்றினர். அடுத்த திங்களில் இயந்திரங்கள் பாத்திகளைத் தரைமட்டமாக்கின. அதன்பின் அந்நிலம் பல்லாண்டு வெறுந்தரையாகவே கிடந்தது. உழவருட் சிலர் வடக்கே நூறு மைலுக்கு அப்பால் 80 ஏக்கர் வயலொன்றிற் பயிர் செய்யச் சென்றனர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடந்து செல்லும் தொலைவன்று அது.

நியூயார்க் நகரத்தில் இதற்கு மாறான முடிவு நேர்ந்தது. அங்கு 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியரும் அவர் நண்பரும் போவரி, ஹூஸ்டன் தெருக்கள் கூடும் மூலையிற் குப்பை மண்டிய மனையொன்றைத் திருத்தினர். வேலியிட்ட மனைகளுக்குள் விதையும் உரமும் அடைத்த ஊதற்பைகளை எறிந்து முளைக்கச் செய்வதும் அவர்தம் வழக்கம். இவ்விளைஞர் செயல் எமக்குப் பெரிதும் உவப்பானது. நகராட்சி மறுஆண்டே திங்களுக்கு ஒரு டாலர் வாடகைக்கு அவ்விடத்தை அவர்க்கு விட்டது. அதனைக் கண்டு நூற்றுக்கணக்கான தோட்டங்கள் எழுந்தன. 1999-இல் மேயர் அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஏலத்தில் விற்க முனைந்தபோது, தோட்டக்காரர் தெருவில் இறங்கினர், வழக்கும் தொடுத்தனர். ஏலத்திற்குச் சற்று முன்னர் இரண்டு அறநிறுவனங்கள் ஏறக்குறைய 42 இலட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கின. அவ்விரண்டனுள் ஒன்று பெட் மிட்லர் என்னும் பாடகியார் நிறுவியது.

ஈண்டு வாங்கிய முறையே கருதத்தக்கது. நிலத்தின் பட்டயம் தனியொருவர் பெயரில் இராமல் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். ஓர் அறநிறுவனம் தான் வாங்கிய தோட்டங்களைப் பின்னர்த் தோட்டக்காரரே நடத்தும் வட்டார அறக்கட்டளைகளிடம் ஒப்புவித்தது. விலை எத்துணை ஏறினும் ஏற்றத்தால் ஊதியம் பெறுவார் எவரும் இன்மையின், விற்கும் ஆசையும் எழாது. லிஸ் கிறிஸ்டி 1985-இல் இளமையிலேயே காலமானார். அவர் பெயர் பூண்ட அம்மூலைத் தோட்டம், வானளாவும் மாளிகைகளுக்கு நடுவே, இன்றும் அயலாரின் கையாலேயே பேணப்பட்டு வருகின்றது.