மூக்குக் கண்ணாடியைப் பேணுதல்

மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்கும் ஒரு பாடம் வேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். வேட்டி நுனியோ, துண்டோ, தாவணித் தலைப்போ கைக்கு அகப்பட்டால் போதும். வாயால் ஓர் ஊது ஊதி, இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் காரியம் முடிந்தது என்பதே நம்மில் பெரும்பாலோர் கொள்கை. நானும் அக்கொள்கையில் ஊறியவனே. 1972-ஆம் ஆண்டில், என் பதினான்காம் வயதில், முதன்முதலாகக் கண்ணாடி அணிந்தேன். அன்று தொடங்கி இருபத்துநான்கு ஆண்டுகள் அவ்வாறே துடைத்து வந்தேன். 1996-ஆம் ஆண்டில் ஒரு மாணவன் எனக்கு வேறு பாடம் கற்பித்தான். கற்பிக்க வேண்டும் என்று எண்ணி அவன் கற்பிக்கவில்லை. அப்பாடத்துக்குரிய விலையையும் அவனே கொடுக்க நேர்ந்தது.

அப்பொழுது நான் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் விஞ்ஞானமும் நடத்தினேன். பள்ளி திறந்த சில வாரங்களில் நடந்த கண் மருத்துவ முகாமில் எங்கள் வகுப்பு மாணவர் மூவருக்குக் கண்ணாடி கிடைத்தது. மூவரையும் மேசையருகே நிறுத்தி வைத்து நான் ஓர் உபதேசம் செய்தேன். "காலையிலும் மாலையிலும் தவறாமல் துடைக்க வேண்டும். இதோ, இப்படி" என்று என் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, வேட்டி நுனியால் அழுந்தத் துடைத்துக் காட்டினேன். இருவர் அதை அன்றே மறந்தனர். ஒருவன் மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். அவன் தந்தை செங்கற் சூளையில் கூலி வேலை செய்து வந்தார். சூளையை ஒட்டியே அவர்கள் குடிசை.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் அப்பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பிழைகள் மலிந்தன. 3 என்பதை 8 என்று எழுதினான். கூட்டற்குறியைப் பெருக்கற்குறியாகக் கொண்டான். முன் பெஞ்சியில் அமர்ந்துகொண்டே இப்படிச் செய்கிறானே என்று எனக்குச் சினம். இருமுறை பெஞ்சியின்மேல் நிற்க வைத்தேன். 'கவனக் குறைவு' என்று அவன் முன்னேற்ற அட்டையிலும் எழுதினேன். பிறகு ஒருநாள், ஏதோ தோன்றி, அவன் கண்ணாடியை வாங்கிச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மார்கழி மாதத்து விடியற்காலையில் வயல்வெளியைப் பார்ப்பதுபோல் இருந்தது. வில்லை முழுவதும் மிக நுண்ணிய கீறல்கள். "இதை என்னடா செய்தாய்?" என்றேன். "சார், நீங்கள் சொன்னபடியே தினமும் துடைக்கிறேன்" என்றான்.

மற்ற இருவர் கண்ணாடிகளையும் வாங்கிப் பார்த்தேன். அவை அழுக்கேறிக் கிடந்தன. குழாயில் கழுவியதும் பளிச்சென்று தெளிந்தன. என் சொல்லை மறந்தவர்களின் கண்ணாடி தப்பியது. கேட்டு நடந்தவனுடைய கண்ணாடி கெட்டது. இதற்குக் காரணம் என்னவென்று அன்றிரவு புத்தகங்களைப் புரட்டலானேன்.

முதற் காரணம் மணல். நம் தெருப் புழுதியிலும், விளையாட்டு மைதானத்துத் தூசியிலும், சூளைத் தூளிலும் கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கள் கலந்துள்ளன. அத்துகள்களில் பெரும்பாலானவை குவார்ட்சு என்னும் படிகக் கல்லின் சில்லுகள். பிரெடெரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிம விஞ்ஞானி, பொருள்களின் கடினத்தை ஒப்பிடுவதற்காக 1812-ஆம் ஆண்டில் ஓர் அளவையை வகுத்தார். அதில் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. எண் உயர்ந்த பொருள் எண் தாழ்ந்த பொருளைக் கீறும். குவார்ட்சுக்கு அதில் 7-ஆம் இடம். சாதாரணக் கண்ணாடியோ ஏறக்குறைய ஐந்தரை. எனவே மணல் கண்ணாடியையே கீறும். பஞ்சுத் துணி தனியே வில்லையைக் கீறுவதில்லை. துணிக்கும் வில்லைக்கும் இடையே அகப்பட்ட மணலே கீறுகிறது. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்கும்போது நாம் வில்லையின்மேல் உப்புத்தாளை ஓட்டுகிறோம் என்றே கொள்ள வேண்டும். வாயால் ஊதுவதால் படியும் ஈரம் மிகச் சொற்பம். தூசியை நகர்த்திக் கொண்டுபோக அது போதாது. (வகுப்பறையில் பறக்கும் சுண்ணக்கட்டித் தூள்மீது நான் முதலில் ஐயுற்றேன். அது மணலைப்போல் கடியதன்று. அதன்மீது சுமத்திய பழியை விலக்கிக் கொள்கிறேன்.)

அப்படியானால் இருபத்துநான்கு ஆண்டுகள் தேய்த்தும் என் கண்ணாடிகள் ஏன் அவ்வளவு மங்கவில்லை? அதுதான் இரண்டாவது காரணம். நான் அணிந்திருந்தவை உண்மையான கண்ணாடியால் ஆன வில்லைகள். அம்மாணவனுடையவை பிளாஸ்டிக் வில்லைகள். கண்ணாடி என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்க, உள்ளிருந்த பொருள் மாறிவிட்டது. அதை நான் அறியவில்லை.

இம்மாற்றம் வந்த கதை சுவையானது. 1940-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் கொலம்பியா ரெசின் என்ற வரிசையில் பல பிசின்களைச் செய்து பார்த்தனர். அவற்றுள் முப்பத்தொன்பதாவது தெளிவாகவும் உறுதியாகவும் அமைந்தது. அது சி.ஆர்.39 எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் பெட்ரோல் தொட்டிகளுக்கு அது பயன்பட்டது. போர் முடிந்த பின், 1947-ஆம் ஆண்டில், அதைக் கொண்டு மூக்குக் கண்ணாடி வில்லைகள் செய்யத் தொடங்கினர். அதன் எடை, அதே பருமனுள்ள கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான். கீழே விழுந்தால் எளிதில் உடைவதில்லை. உடைந்தாலும் கண்ணாடிபோல் கூரிய சில்லுகளாகச் சிதறுவதில்லை. ஓடியாடும் சிறுவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்! பிற்காலத்தில் வந்த பாலிகார்பனேட் அடியைத் தாங்குவதில் இதையும் விஞ்சியது. ஆனால் இவையெல்லாம் கண்ணாடியைவிட மென்மையானவை. உடையாத வரத்தைப் பெற்று, கீறற்படும் சாபத்தையும் உடன் பெற்றன.

உங்கள் கணக்குப் பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். ஜூன் மாதத்தில் வாங்கும்போது அது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கவராயத்தோடும் பென்சில் சீவல்களோடும் உராய்ந்து உராய்ந்து, அரையாண்டுத் தேர்வுக்குள் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. உறையின்றிப் புத்தகப் பைக்குள் போடப்படும் மூக்குக் கண்ணாடிக்கும் அதே கதிதான். கூடு என்று ஒன்று கொடுக்கிறார்களே, அது அழகுக்கன்று.

கீறல் விழுந்தால் பார்வை ஏன் மங்குகிறது? வில்லையின் வழவழப்பான வளைவு, தன்மீது விழும் ஒளிக்கதிர்களை ஓர் ஒழுங்காக வளைத்துக் கண்ணுக்குள் அனுப்புகிறது. கீறல் ஒவ்வொன்றும் அவ்வழவழப்பில் ஒரு சிறு பள்ளம். அதன் சுவர்களில் படும் ஒளி தன் வழி தப்பி நாலாபக்கமும் சிதறுகிறது. சிதறிய ஒளி பார்வை முழுவதிலும் மெல்லிய வெண்திரையாகப் படர்கிறது. கரும்பலகையின் கருமை குன்றிச் சாம்பல் நிறமாகிறது. அதன்மேல் எழுதிய வெள்ளை எழுத்து அதில் கரைந்துபோகிறது. 3-இன் திறந்த வாய் மூடிக்கொண்டதுபோல் தோன்றினால், அதை 8 என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவது? இரவில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு வெளிச்சம் பூப்போல விரிந்து கண்ணைக் கூசச் செய்வதும் இதனால்தான். கீறிய கண்ணாடி கண்ணின் நலத்தைக் கெடுத்துவிடாது என்பது ஓர் ஆறுதல்.

இப்பொழுது விற்கப்படும் வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீறலைத் தடுக்கும் கடினப் பூச்சு ஒன்று இட்டிருப்பார்கள். அதன்மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் இருக்கலாம். பூச்சில்லாத வில்லையின் ஒவ்வொரு பக்கமும், தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இரு பக்கமும் சேர்ந்தால் எட்டுப் பங்கு வீண். மெல்லிய படலம் ஒன்றைப் பூசி, ஒளி அலையை ஒளி அலையாலேயே அடக்கி இந்த வீணைக் குறைக்கும் வழியை, ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாந்தர் ஸ்மகுலா 1935-ஆம் ஆண்டில் கண்டார். விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னினால், உங்கள் வில்லைக்கு அப்பூச்சு உண்டு என்று அறியலாம். அது தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கடினப் பூச்சு இருக்கிறதே என்று மணலோடு தேய்க்கத் துணிய வேண்டா.

இனிக் கழுவும் முறைக்கு வருகிறேன். முதலில் உங்கள் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். குழாயை மெல்லத் திறந்து, குளிர்ந்த நீரை வில்லைகளின் இரு பக்கத்திலும் ஓட விடுங்கள். அதுவரை விரல்கூட வில்லையைத் தொடக்கூடாது. மணலை நீரே அடித்துக்கொண்டு போகட்டும். இதுதான் இக்கலையின் உயிர்நிலை. மற்றவற்றில் சற்றுத் தவறினாலும் குற்றமில்லை. பிறகு, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தில் ஒரு துளி எடுத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். நாம் தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்கள். அது நெற்றி வியர்வையோடு இறங்கி வில்லையில் படிகிறது. வெறும் நீருக்கு எண்ணெய் அசையாது, சோப்பு வேண்டும். குளிக்கும் சோப்பு சிலவற்றில் தோலை மென்மையாக்கும் கொழுப்புச் சேர்த்திருப்பதால், அது தானே ஒரு படலத்தை விட்டுச் செல்லும். பாத்திரம் துலக்கும் தூளை அருகிலும் கொண்டுவராதீர்கள்.

மூக்கின்மேல் அமரும் சிறு மெத்தைகளையும், வில்லை சட்டத்தில் பொருந்தும் விளிம்பையும் மறவாமல் தேய்த்துக் கழுவுங்கள். உலோகச் சட்டமானால் அங்கே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். நம் வீட்டுச் செப்புக் குடத்தில் ஏறுகிறதே, அதே இனத்தது. சட்டத்தின் உலோகக் கலவையிலுள்ள செம்பும் நம் வியர்வையும் கூடிச் செய்வது. நன்றாக அலசியபின் நீரை உதறிவிட்டு, துவைத்த மெல்லிய பருத்தித் துணியாலோ, கடைக்காரர் கொடுக்கும் நுண்ணிழைத் துணியாலோ ஒற்றி எடுங்கள். தானே உலரட்டும் என்று விட்டால், ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் வெள்ளைப் புள்ளிகளை விட்டுப் போகும். அந்த நுண்ணிழைத் துணியையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். ஆண்டுக் கணக்காகத் துவைக்காத துணியைக் கூட்டுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருப்போரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் பாதுகாப்பது மணலை.

துடைக்கும்போது எந்த வில்லையைத் துடைக்கிறீர்களோ அந்தப் பக்கத்துச் சட்டத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்தைத் துடைத்தால் நடுவிலுள்ள பாலம் முறுகும். கழற்றும்போதும் இரு கைகளால் கழற்றுங்கள். ஒரு கையால் பிடுங்கும் பழக்கத்தால் ஒரு காதுக் கம்பி விரிந்து, கண்ணாடி கோணலாக அமரும்; திருகாணியும் தளரும். தளர்ந்த திருகாணிக்கு நூல் சுற்றி ஆண்டுகள் ஓட்டிய பெரியவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் கடைக்காரரிடம் கொடுத்தால் சில நிமிடங்களில் முறுக்கித் தந்துவிடுவார்.

வெப்பத்துக்கும் இவ்வில்லை அஞ்சும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, அடுப்பருகிலோ வைத்தால் பிளாஸ்டிக் மிகுதியாக விரியும். மேலுள்ள பூச்சு அவ்வளவு விரியாது. விளைவு, வற்றிய ஏரியின் களிமண் வெடித்தாற்போல் பூச்சு முழுவதும் நுண்ணிய வெடிப்புகள். கொதிநீரில் கழுவுவதும் ஆகாது. சன்னல் கண்ணாடி துடைக்க விற்கும் அம்மோனியா கலந்த திரவங்களும், நகப்பூச்சை அழிக்கும் அசிடோனும் வேண்டா. அசிடோன் பாலிகார்பனேட்டை அடியோடு கெடுத்துவிடும்.

விழுந்த கீறலைப் போக்கப் பற்பசை தேய்க்கலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பற்பசையில் பல்லைத் தேய்க்கும் பொடி இருக்கிறது. அது பழைய கீறலை ஆற்றாது. பூச்சை அரித்துப் புதிய கீறல்களைத் தரும். நம் வீடுகளில் அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் இட்டுத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிய பழக்கத்திலிருந்து இத்தகைய எண்ணங்கள் வந்திருக்கலாம். சிம்னி கண்ணாடி, மேலும் அதன் வழியே எவரும் படிக்கவில்லை.

அம்மாணவனுக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க நான் முன்வந்தபோது, அவன் தந்தை இசையவில்லை. பையன் பாழாக்கியதற்கு வாத்தியார் ஏன் பணம் தர வேண்டும் என்றார். பாழாக்கியவன் நான்தான் என்று சூளையடியில் நின்று அவரிடம் விளங்கச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார். முன்னேற்ற அட்டையில் நான் எழுதியிருந்த இரு சொற்களை அடித்து, பக்கத்தில் கையொப்பமிட்டேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் முதல் மணி அடிக்குமுன் அவன் பள்ளிக் குழாயடியில் நின்று கண்ணாடியைக் கழுவுவான். பக்கத்தில் நின்று நானும் என்னுடையதைக் கழுவுவேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அக்கண்ணாடி அவனுக்கு உழைத்தது. பிறகு அவன் அதை மாற்றியதற்குக் காரணம் கீறலன்று. கண்ணின் பவர் சற்று ஏறியிருந்தது.