மருந்துக்கு அடங்காத கிருமிகள்

பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் பயணப்படும் பெண்ணோடு சீரும் பலகாரமும் தவறாது செல்கின்றன. அவளது சிறுநீர்ச் சோதனைக் குறிப்பு மட்டும் பல வேளைகளில் பின்தங்கிவிடுகிறது. இதனால் நேரக்கூடிய தீங்கு சிறிதன்று.

கருவுற்ற காலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்கின்றன. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. ஆகவே சிறுநீர் தேங்கிக் கிருமிகளுக்கு இடமளிக்கிறது. அவற்றுள் முதன்மையானது குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே அது உள்ளே தங்கியிருத்தல் கூடும். கவனியாது விட்டால் சிறுநீரகத்தைத் தாக்கும், குறைப்பிரசவத்துக்கும் வழிகோலும். அறிகுறியற்ற இத்தொற்றைக் கண்டறியச் சிறுநீர்க் கல்ச்சர் சோதனையையும், கண்டபின் ஏழு நாள் மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது.

ஆனால் நடப்பதென்ன? புதிய ஊரில், பிறமொழி பேசும் மருத்துவரிடம் இதைச் சொல்லப் பெண்கள் கூசுகின்றனர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, எரிச்சல் தணிந்ததும் நிறுத்தப்படுகிறது. அரைகுறையாக அடிபட்ட கிருமிகளுள் வலியவை பிழைத்துப் பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் தமது நோபல் உரையிலேயே இதனை எச்சரித்தார்.

இன்னுமொரு தந்திரமும் கிருமிகளுக்கு உண்டு. குளத்துப் படிகளில் வழுக்கும் பாசியைப் போல, அவை சிறுநீர்ப்பையின் உட்சுவரிலும், மருத்துவமனையில் பொருத்தும் சிறுநீர்க் குழாயிலும் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதனை உயிர்ப்படலம் என்பர். மருந்து அதனுள் எளிதில் புகுவதில்லை. புகுந்தாலும், வளராமல் உறங்கிக் கிடக்கும் கிருமிகளை அது அழிப்பதரிது. தொற்று மீண்டும் மீண்டும் தலைதூக்குவதற்கு இஃதொரு காரணம். தேவை தீர்ந்ததும் குழாயை விரைவில் அகற்றச் சொல்வதும் இதனாலேயே.

கர்ப்பிணிக்கு எல்லா மருந்தும் ஆகாது. டெட்ராசைக்ளின் கருவிலுள்ள குழந்தையின் பற்களையே கறைப்படுத்தும். தரத்தக்க சில மருந்துகளுக்கும் கிருமி அடங்க மறுத்தால், மருத்துவமனையில் தங்கி ஊசி மூலம் மருந்தேற்ற நேரிடும்.

ஆகவே நம் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற்கொள்வோமாக. நோவு இல்லையெனினும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சோதனை செய்துகொள்வோம். அட்டையில் சிவப்புக் கோடிட்ட மருந்தை மருத்துவர் சீட்டின்றி வாங்காதிருப்போம். சொன்ன நாள்வரை உட்கொண்டு, மறுசோதனையும் செய்வோம். எம்மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று காட்டும் அந்தச் சோதனைக் குறிப்பைத் தாய்வீட்டுக்கும் உடன் அனுப்புவோம். அங்குள்ள மருத்துவருக்கு, நாள் கடத்தாமல் தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க அத்தாள் துணைபுரியும்.