ரம்பம் எடுக்கும் முன் ஒரு நிமிஷம்... ஃபைபர் பாடி ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பேனல் மாட்டுவது எப்படி?

காரின் பின்பக்கக் கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கிற மாதிரி நடுவில் ஒரு பட்டை. அமெரிக்காவில் 1963-ம் ஆண்டு மாடலாக வந்த செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே கூப்பேயின் அடையாளமே அதுதான். ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் தலைவர் பில் மிட்செல் ஆசைப்பட்டு வைத்தது. ஆனால், அதே காரில் வேலை பார்த்த இன்ஜினீயர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவுக்கு அது பிடிக்கவே இல்லை. பின்னால் வரும் வண்டியை மறைக்கிறது என்பது அவருடைய கவலை. அடுத்த ஆண்டே பட்டை போய், ஒரே கண்ணாடி வந்துவிட்டது.

உடனே என்ன நடந்தது தெரியுமா? 1963 மாடல் வைத்திருந்தவர்களில் சிலர், 'நம்ம வண்டியும் புது மாடல் மாதிரி இருக்கட்டுமே' என்று பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். அந்த ஆண்டு தயாரான கூப்பேக்கள் 10,594 மட்டுமே. பட்டையோடு தப்பித்த கார்களைத்தான் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அன்று அறுத்த கார்களில், அதே பட்டையை மறுபடி ஒட்டும் வேலையும் நடக்கிறது!

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஃபைபர் பேனல் மாட்ட நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. ஃபைபரை வெட்டுவது சுலபம். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

தகரம் இல்லாத கார்

1953 ஜூன் 30... மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் நகரில் முதல் கார்வெட் வெளியே வந்தது. அந்த ஆண்டு தயாரானவை வெறும் 300 கார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. பாடிக்குத் தகரமே கிடையாது. முழுக்க ஃபைபர்கிளாஸ்.

காரணம் எளிது. தகரத்தை வளைக்க ராட்சத அச்சுகள் வேண்டும். அதற்குச் செலவும் அதிகம், காலமும் அதிகம். குறைந்த எண்ணிக்கையில், வேகமாக ஒரு காரைக் கொண்டுவர ஃபைபர்தான் வசதி. கண்ணாடி இழையை அச்சில் விரித்து, ரெசின் ஊற்றி இறுகவைத்தால் பேனல் தயார். நம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே முறையில் செய்யப்படுபவைதான்.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1980-களில் பெங்களூரில் இருந்து வந்த சிபானி டால்ஃபின், 90-களின் கடைசியில் வந்த இரண்டு சீட்டர் சான் ஸ்டார்ம் இரண்டுக்குமே ஃபைபர் பாடிதான்.

புது பேனல் ஏன் உடனே உட்காராது?

அகலமான டயர் போட வேண்டும், மட்கார்டு இன்னும் புடைத்து நிற்க வேண்டும், மூக்கு வேறு மாதிரி வேண்டும்... இப்படி ஆசைப்படுபவர்கள் வாங்குவது பெரும்பாலும் கையால் வார்த்த பேனல்கள். பெட்டியைப் பிரித்து அப்படியே ஸ்க்ரூ போட்டுவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அச்சில் இருந்து சீக்கிரம் எடுத்தாலோ, சுவரில் கோணலாகச் சாய்த்து வைத்தாலோ பேனல் நெளிந்துவிடும். இன்னொரு பக்கம், ஐம்பது அறுபது ஆண்டு ஓடிய காரின் கதவுக் கீல் தேய்ந்திருக்கும், சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் நசுங்கியிருக்கும். ஆக, இரண்டு பக்கமும் அளவு மாறியிருக்கும்போது, நடுவில் இடைவெளி மட்டும் எப்படிச் சரியாக வரும்?

படிப்படியாக...

முதலில் கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளவெடுத்தால், இறக்கியதும் எல்லாம் மாறிவிடும். கதவு, பானட், டிக்கி மூன்றையும் ஒழுங்காக உட்காரவைத்த பிறகே புது பேனலைத் தொட வேண்டும். ஏனென்றால், அவைதான் அளவுகோல்.

அடுத்து, பசை இல்லாமல் ஒத்திகை. பேனலை கிளாம்ப், சின்ன ஸ்க்ரூ வைத்துப் பிடித்து, பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். இடிக்கிற இடத்தில் குறி வைத்து, கழற்றி, அரத்தால் கொஞ்சம் தேய்த்து, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு தடவை அல்ல, பல தடவை. மொத்த வேலையில் அதிக நேரம் இதற்குத்தான் போகும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனையும் அழுத்திப் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதியான பிறகே பழைய மட்கார்டில் ரம்பம் படலாம்.

ஒட்டும் இடத்தில் பெயின்ட் துளியும் இருக்கக் கூடாது. சொரசொரப்பான உப்புத்தாள் போட்டு, வெறும் ஃபைபர் தெரியும்வரை தேய்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் பசை பிடிக்காது. இரண்டு பேனல் சேரும் இடத்தில், பின்னால் ஒரு ஃபைபர் பட்டை வைத்து ஒட்டுவதுதான் கார்வெட்டில் தொழிற்சாலை முறையே. மேலே வெறும் பட்டி பூசி மறைத்தால், கொஞ்ச நாளில் அதே கோட்டில் விரிசல் விடும்.

பசையிலும் கவனம் தேவை. பழைய கார்வெட்டுகளில் பாலியெஸ்டர் ரெசின் பேனல்கள். 1970-களில் எஸ்.எம்.சி என்ற, அழுத்தி வார்க்கும் வகை வரத் தொடங்கியது. இதில் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி போன்ற வேறு பசை வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் ஒட்டினால், பேனல் பிரிந்து வர வாய்ப்பு உண்டு.

ஒட்டியதும் பெயின்ட் அடிக்க அவசரப்படக் கூடாது. சில வாரம் நன்றாகக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால், பளபள பெயின்ட்டுக்கு அடியில் இருந்து ஒட்டுக் கோடு மெல்ல எட்டிப் பார்க்கும்.

மறக்கக் கூடாத மூன்று

* ஃபைபரில் கரன்ட் பாயாது. ஹெட்லைட், பின் விளக்கு எல்லாவற்றுக்கும் சேஸிஸ்வரை தனி எர்த் வயர் வேண்டும். புது பேனல் மாட்டியதும் விளக்கு மங்கினால், முதலில் எர்த்தைப் பாருங்கள். இதில் ஒரு நல்லதும் உண்டு. முதல் கார்வெட்டுகளில் ரேடியோ ஆன்டெனாவை டிக்கி மூடிக்கு உள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள். தகரமாக இருந்தால் சிக்னல் உள்ளே வராது!

* போல்ட்டை இறுக்கி முறுக்கினால் ஃபைபர் வெடிக்கும். அகலமான வாஷர் போட்டு, அளவாக இறுக்க வேண்டும்.

* தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிப்பு, மூச்சில் போனால் ஆபத்து. ரெசினின் நெடியும் நல்லதல்ல. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அளவுக்கு மேல் கலந்தால் ரெசின் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். மாஸ்க், கிளவுஸ், கண்ணாடி மூன்றும் கட்டாயம். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய முடியாது. 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிகளும் 50 ஆண்டு கடந்த வண்டிகள் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. சேஸிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால், அந்த அந்தஸ்து கிடைக்காது. தாத்தா காலத்து வண்டியை அழகுபடுத்தக் கிளம்புபவர்கள், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கையெழுத்தைக் காப்பாற்றியவர்கள்

கடைசியாக இன்னொரு கார்வெட் கதை. 2014 பிப்ரவரி 12 அதிகாலை, கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனில் உள்ள தேசிய கார்வெட் மியூசியத்தின் தரை திடீரென உள்வாங்கியது. எட்டு கார்கள் பள்ளத்துக்குள் விழுந்தன. அதில் ஒன்று, 1992-ல் தயாரான பத்து லட்சமாவது கார்வெட்.

நொறுங்கிய அந்த வெள்ளை காரைப் பிரித்தபோது, உள்ளே தொழிலாளர்களின் கையெழுத்துகள்! அதைக் கட்டியவர்கள், தாங்கள் மாட்டிய பாகங்களில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் குழு 1,200 மணி நேரத்துக்கும் மேல் உழைத்து 2015-ல் காரை மீட்டது. நொறுங்கிய பானட்டுக்கும் முன்பக்கத்துக்கும் மாற்று பேனல் போட்டார்கள். ஆனால், கையெழுத்து இருந்த பாகங்களை முடிந்தவரை தூக்கி எறியாமல், சரிசெய்து திரும்ப மாட்டினார்கள்.

புது பேனல் எப்போது வேண்டுமானாலும் வார்க்கலாம். பழைய கையெழுத்தை வார்க்க முடியாது. அதனால், கழற்றிய பழைய பேனலை காயலான் கடைக்குப் போடாதீர்கள். துடைத்து, பெயர் எழுதி, பரணில் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளையோ பேத்தியோ அதைத் தேடலாம்!